விழிப்புலனற்றோரும் பணிசெயல் முறைமை நிறுவுதலும்: மாம்புரியிலிருந்து ஒரு நோக்கு

கற்பிட்டிக் குடாநாட்டில் நுரைச்சோலைக்கு அண்மையில் அமைந்துள்ள மாம்புரி என்னும் கரையோரக் கிராமத்தை நாட்டின் ஏனைய பகுதியினர் அறிந்திருப்பின், அது பெரும்பாலும் அங்குள்ள காற்றாலைகளின் பொருட்டேயாகும். 10 மெகாவாற் வலுவுடைய அத்தொகுதி 2010ஆம் ஆண்டு தொழிற்படத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதலாவது பிறப்பாக்கி இயங்கலாயிற்று. 2014இல் அதன் மூன்று பிறப்பாக்கிகளும் சேர்ந்து 900 மெகாவாற் கொள்ளளவை எட்டின. மீன்பிடியும் தோட்டப் பயிர்ச்செய்கையும் சீவனோபாயமாகவுள்ள, தமிழ் பேசும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் சிங்கள மக்களும் அருகருகே வாழும் இக்கரை, நாட்டின் மின்னுற்பத்தியில் இவ்வாறு முக்கியத்துவம் பெற்றுவிட்டது. இக்கரையில் ஒரு வீட்டில், மின்சாரம் தடையின்றிக் கிடைத்துக்கொண்டிருந்த ஒரு காலத்தில், ஒரு கணினி ஒன்பது நாட்கள் ஊமையாய்க் கிடந்தது. இக்கட்டுரை அவ்வொன்பது நாட்களிலிருந்து தோன்றியது.

கணினிக்கு உரியவர் பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒருங்கு கற்றவர், இன்று தமிழாசிரியர், பிறவியிலேயே விழிப்புலன் அற்றவர். வினாத்தாள் தயாரித்தல், கடிதம் எழுதுதல், செய்தி வாசித்தல் ஆகிய யாவற்றையும் திரையிலுள்ளதைக் குரலாக மாற்றித்தரும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையோடு பல ஆண்டுகளாகத் தாமே செய்து வருபவர். ஒருநாள் வன்தட்டு பழுதுற்றது. அயல் நகரமொன்றிலுள்ள திருத்தகத்துக்குக் கணினி கொண்டுசெல்லப்பட்டது. மூன்றாம் நாள் அது வீடு திரும்பியபோது, "விண்டோஸ் புதுசாப் போட்டிருக்கு சேர், எல்லாம் ஓகே" என்றார் கடை இளைஞர். அவர் கூறியது பொய்யன்று. திரை ஒளிர்ந்தது, படங்கள் வரிசையாக நின்றன. ஆயின் திரைவாசிப்பான் இல்லை. தமிழ்க் குரல் இல்லை. அனைத்துக்கும் மேலாக, ஒலி அட்டையை இயக்குதற்குரிய மென்பொருளே நிறுவப்பட்டிருக்கவில்லை. ஆகவே விண்டோஸோடு கூடவே வரும் குரலையும் எழுப்பிப் பார்க்க இயலவில்லை. கண்ணால் மட்டும் சோதித்துப் பார்த்த ஒருவருக்கு அக்குறை புலப்பட நியாயமில்லை. "மச்சான், கம்பியூட்டர் வந்திட்டு, குரல் வரல்ல" என்று நண்பர் தொலைபேசியில் கூறினார்.

இது தனியொருவருக்கு நேர்ந்த அசௌகரியமாகத் தோன்றலாம். ஆயின், விழிப்புலனற்றோரின் கணினிப் பயன்பாடு குறித்து நம்மிடையே நிகழும் உரையாடல்கள் பெரும்பாலும், ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு கணினியை மனத்திற்கொண்டே நிகழ்கின்றன என்பது கவனித்தற்குரியது. எந்தத் திரைவாசிப்பான் சிறந்தது, எந்தக் குரல் தெளிவானது என்பன பேசப்படுகின்றன. அக்கணினியை இயங்கும் நிலைக்குக் கொண்டுவந்தவர் யார் என்ற வினா எழுவதில்லை. ஒரு கருவியைப் பயன்படுத்தும் வாய்ப்பும் அக்கருவியை ஆயத்தஞ்செய்யும் ஆற்றலும் வேறுவேறானவை. முன்னையது மட்டும் கிட்டியவர், பின்னையதை உடையவரிடம் அடிக்கடி திரும்பிச்செல்ல வேண்டியவராகவே இருப்பர். பணிசெயல் முறைமையை நிறுவும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தினுள் இத்தங்கிநிலை ஒளிந்திருக்கிறது. அது உலகளாவிய நிலையில் எவ்வாறு உடைக்கப்பட்டது, தமிழைப் பொறுத்தவரையில் எங்கு இன்னும் உடைபடாதுள்ளது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பணிசெயல் முறைமை என்பது நம் நாட்டுப் பாடநூல்களில் வழங்கும் தொடர். தமிழகத்தார் அதனை இயங்குதளம் என்பர். வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் ஏனைய மென்பொருள்களுக்கும் இடையே நின்று, நினைவகம், வன்தட்டு, விசைப்பலகை, ஒலி முதலியவற்றைப் பங்கிட்டு ஆளும் அடித்தள மென்பொருள் அது. விண்டோஸ், மக் ஓஎஸ், லினக்ஸ் கருவைக் கொண்ட டெபியன், உபுண்டு முதலியன இவ்வகையின. திரைவாசிப்பானும் ஒரு மென்பொருளே. பணிசெயல் முறைமையின் மீதேதான் அதுவும் இயங்கவேண்டும். ஆகவே பணிசெயல் முறைமை இல்லாத வெறுங் கணினியில் திரைவாசிப்பான் இருக்க இயலாது. திரைவாசிப்பான் இல்லையேல் விழிப்புலனற்ற ஒருவர் பணிசெயல் முறைமையை நிறுவ இயலாது. இதுவே நீண்டகாலமாக நிலவிய விடுவிக்கவியலா முடிச்சு.

நிறுவுதல் என்பது வெறுமனே பொத்தான்களை அழுத்திச்செல்லும் செயலெனக் கருதுவோர், அதன் நடுவே வரும் ஒரு படியை எண்ணிப்பார்த்தல் வேண்டும். வன்தட்டை எவ்வாறு பிரிப்பது, எப்பிரிவை அழிப்பது என்று நிறுவல் மென்பொருள் அப்படியில் வினவும். தவறான வரியில் நின்று ஒருவர் விசையை அழுத்துவாராயின் பல ஆண்டுக்கால எழுத்து முழுவதும் அழிந்துவிடும். மௌனமான திரையின் முன் விழிப்புலனற்ற ஒருவர் அந்த விசையை அழுத்தத் துணிதல் அரிது. துணிந்தோரும் இருந்தனர். விண்டோஸ் கேட்கவிருக்கும் வினாக்கள் யாவற்றுக்குமான விடைகளை ஒரு கோப்பில் முன்கூட்டியே எழுதி, நிறுவல் வட்டோடு சேர்த்துவைத்து, அது தானாகவே நடந்து முடியும்வரை காத்திருக்கும் முறையொன்று உண்டு. பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான கணினிகளை ஒரே தடவையில் ஆயத்தஞ்செய்தற்கென உருவான இம்முறையை விழிப்புலனற்ற பயனர் சிலர் தமக்கெனக் கைக்கொண்டனர். இடையில் பிழையொன்று நேர்ந்து கணினி நின்றுவிடின், அது நின்றுவிட்டது என்பதை அறிவதற்குக்கூட அவர்களுக்கு வழியிருக்கவில்லை.

இங்கு வரலாற்று முரண் ஒன்று உண்டு. தொழினுட்பம் முன்னேறும்தோறும் விழிப்புலனற்றோரின் நிலையும் தானாகவே முன்னேறும் என்ற பொது நம்பிக்கைக்கு அது மாறானது. 1980களில் கணினித் திரை எழுத்துகளால் மட்டும் ஆனதாக இருந்தது. திரையில் எவ்வெழுத்து எவ்விடத்தில் உள்ளது என்பது நினைவகத்தில் எழுத்தாகவே பதிந்திருந்தமையால், அதனை எடுத்துக் குரலாக்கும் கருவிக்கு அனுப்புதல் ஒப்பீட்டளவில் எளிதாயிருந்தது. 1978இல் விபத்தொன்றில் பார்வையை இழந்த டெட் ஹென்ரர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1989இல் வெளியிட்ட ஜோஸ் என்னும் திரைவாசிப்பான், டொஸ் முறைமைக்கென இவ்வடிப்படையிலேயே எழுந்தது. பின்னர் படங்களும் சாளரங்களும் சுட்டியும் வந்தன. எழுத்து, எழுத்தென்ற தன் அடையாளத்தை இழந்து நிறப்புள்ளிகளின் கூட்டமாயிற்று. பார்வையுடையோருக்குக் கணினியை எளிமையாக்கிய அதே மாற்றம், ஏனையோருக்கு அதனை ஒரு தசாப்தத்துக்குப் பின்தள்ளியது. விண்டோஸ் 95 வெளியாகி ஈராண்டுகள் கழிந்த பின்னரே, 1997இல், திரையிலுள்ள பொத்தான் யாது, பட்டியல் யாது என்பதைத் திரைவாசிப்பானுக்கு எடுத்துக்கூறும் ஓர் இடைமுகத்தை மைக்ரோசொப்ட் வழங்கியது.

இத்தகைய இடைவெளியைச் சந்தை தனக்கேயுரிய முறையில் நிரப்பிற்று. விண்டோஸுக்கான ஜோஸ் ஏறத்தாழ ஆயிரம் அமெரிக்க டொலர் விலைக்கு விற்கப்பட்டது. செல்வந்த நாடுகளில் அரசும் தொழில் வழங்குநரும் அதனை வாங்கிக்கொடுத்தனர். நம் நாட்டிலோ அது கணினியின் விலையையே விஞ்சியது. ஆகவே திருட்டுப் பிரதிகளே வழங்கின. பார்வையுடையவர் கணினியின் விலையோடு நின்றுவிட, பார்வையற்றவர் அதே கணினியைப் பயன்படுத்துதற்கு இன்னொரு விலை செலுத்தவேண்டியிருந்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. அணுகுதல் என்பது பொருளின் இயல்பாக அமையாது, தனியே விற்கப்படும் ஒரு பண்டமாயிற்று. பண்டமாகிய ஒன்று, வாங்குவோர் திரளாக உள்ள இடத்தை நாடியே செல்லும். நிறுவற் கட்டம் ஒருவர் வாழ்நாளில் சில தடவைகளே கடக்கும் கட்டம். அதற்கெனத் தனியே விலை கொடுப்போர் இலர். எனவே அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2000ஆம் ஆண்டின் விண்டோஸில் நரேற்றர் என்ற எளிய திரைவாசிப்பான் உள்ளடக்கப்பட்டதாயினும், விண்டோஸை நிறுவும் கட்டத்திலேயே அக்குரலைத் தொடக்கத்திலிருந்து எழுப்பும் வசதி 2017இல் வெளியான விண்டோஸ் 10இன் திருத்தப் பதிப்போடுதான் வந்தது. இடையில் கழிந்தவை 17 ஆண்டுகள். அப்பிள் நிறுவனம் 2005இலேயே வொய்ஸோவர் என்னும் குரலை நிறுவல் வட்டிலும் இயங்கச்செய்தது. ஆயின் அந்நிறுவனத்தின் கணினிகள் மாம்புரி ஆசிரியர் ஒருவரின் சம்பளத்துக்கு எட்டுவன அல்ல.

மாற்றம் வேறொரு திசையிலிருந்து வந்தது. தமது தேவையைத் தாமே அறிந்த விழிப்புலனற்ற நிரலாளர்கள், மூலநிரலைத் திறந்துவைக்கும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினுள் செய்த உழைப்பே அது. இந்தியாவிற் பிறந்து பதினான்காம் வயதளவில் பார்வையிழந்த ரி. வி. ராமன், கணிதச் சமன்பாடுகளைச் செவிப்புலனுக்கு ஏற்ப ஒலிக்கச்செய்யும் முறைமையொன்றைத் தம் கலாநிதிப் பட்டத்துக்கென 1994இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார். அடுத்த ஆண்டில் ஈமக்ஸ்பீக் என்ற பேசும் கணினிச் சூழலை வெளியிட்டார். திரையிலுள்ளதை வாசித்துக்காட்டுவதோடு நில்லாது, தகவலை முதலிலிருந்தே செவிக்கென அமைத்தல் வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. இதனை நான் ஒரு கலைக் கோட்பாடாகவே கருதுகிறேன். கனடாவில் கேர்க் றைசர் என்ற விழிப்புலனற்ற நிரலாளர், லினக்ஸ் கருவினுள்ளேயே அமர்ந்து அது விழித்தெழும் கணத்திலிருந்து பேசக்கூடிய ஸ்பீக்கப் என்ற திரைவாசிப்பானைத் தொடக்கிவைத்தார். 2020இல் வெளியான 5.9ஆம் பதிப்பில் அது லினக்ஸ் கருவின் முழு அங்கமாக ஏற்கப்பட்டது. 2006இல் அவுஸ்திரேலியாவில் விழிப்புலனற்ற இளைஞராகிய மைக்கல் கறன் தொடங்கி, ஜேம்ஸ் றெ என்ற விழிப்புலனற்ற நண்பரும் சேர்ந்து வளர்த்த என்விடிஏ, விண்டோஸில் இயங்கும் விலையற்ற திரைவாசிப்பான். அதன் நிறுவற் கோப்பைத் திறந்தவுடனேயே அது பேசத் தொடங்கிவிடும். தன்னை நிறுவும் வழியைத் தானே எடுத்துரைக்கும். நமது நாட்டு விழிப்புலனற்ற மாணவர் பலர் இன்று கணினியிற் கற்பது இதனாலேயே சாத்தியமாகிறது.

இம்முயற்சிகள் நிறுவற் கட்டத்தோடு இணைந்த இடமாக டெபியனைக் குறிப்பிடலாம். 1993இல் தோன்றி, உலகெங்குமுள்ள தன்னார்வலரால் நடத்தப்படும் டெபியன், முதலில் பிறெயில் எழுத்தைப் புடைப்பாகக் காட்டும் கருவிகளை நிறுவற் கட்டத்தில் ஆதரித்தது. அக்கருவிகளோ கணினியைவிடப் பன்மடங்கு விலையுயர்ந்தவை. பின்னர், புறக்கருவி எதுவுமின்றிக் கணினியின் சொந்த ஒலி அட்டை மூலமே பேசும் முறை உருவாக்கப்பட்டு, 2013 மே மாதம் வெளியான 7ஆம் பதிப்பில் பொதுவசதியாக அறிவிக்கப்பட்டது. பிரெஞ்சுக் கணினி விஞ்ஞானி சாமுவேல் திபோ இவ்வேலையில் முன்னின்றவர்களுள் ஒருவர். ஸ்பீக்கப் திரையிலுள்ள எழுத்தை எடுத்துக்கொடுக்க, ஜொனதன் டடிங்ரன் என்ற பிரித்தானியர் ஆக்கிய ஈஸ்பீக் என்ற சிறிய பேச்சாக்கி அதனை ஒலிக்கச்செய்கிறது. ஈஸ்பீக்கின் குரல் இயந்திரத்தன்மை வாய்ந்தது. முதற்கேட்பில் எவரும் முகஞ்சுளிப்பர். ஆயின் மிகச் சிறிய கொள்ளளவுடையதாகையால் நிறுவல் வட்டினுள் அடங்கிவிடுகிறது. விரைவாக ஒலித்தாலும் தெளிவு குன்றுவதில்லை. அழகிய குரல்கள் இக்கட்டத்துக்கு உதவா.

அது தொழிற்படும் விதத்தைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். கணினி நிறுவல் வட்டிலிருந்து விழித்தெழுந்ததும் ஒரு சிற்றொலி எழும். அதனைக் கேட்டவர் ஆங்கில 'எஸ்' விசையை அழுத்தி, உள்ளிடு விசையை அழுத்தினால் பேச்சு தொடங்கும். அண்மைக்காலப் பதிப்புகளில் ஒருவர் எதனையுமே அழுத்தாது அரை நிமிடம் வாளாவிருப்பினும் பேச்சு தானாகவே தொடங்கிவிடும். திரையைக் காண்பவர் ஏதேனும் ஒன்றைத் தெரிவுசெய்திருப்பர். எதையும் தெரிவுசெய்யாதவர் திரையைக் காணாதவராக இருக்கக்கூடும் என்பதே இவ்வமைப்பின் உட்கருத்து. பொதுவாக மென்பொருள்களில் பேசாதிருப்பவர் பார்வையுடையவராகவே கொள்ளப்படுவர். இங்கு அவ்வெடுகோள் தலைகீழாக்கப்பட்டிருக்கிறது. கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிவழிகள் இருப்பின், ஒவ்வொன்றிலும் மாறிமாறிப் பேசி, தம் காதில் விழும் வேளையில் விசையை அழுத்துமாறு அது கேட்கும். அதன்பின் மொழி, நாடு, வலையமைப்பு, கடவுச்சொல், வன்தட்டுப் பிரிப்பு என ஒவ்வொரு வினாவும் எண்ணிடப்பட்ட பட்டியலாக வாசிக்கப்படும். எண்ணைத் தட்டி விடையளிக்கலாம். நிறுவல் முடிந்து கணினி மீளத் தொடங்கும்போது, புதிய முறைமையும் பேசும் நிலையிலேயே தொடங்கும்.

இதனைக் கண்டு, திறந்த மென்பொருள் எனின் அங்கு நீதி தானாகவே நிலைபெறும் என்று முடிவுகட்டுதல் தவறு. 2005இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநில அரசு தன் ஆவணங்களை ஒரு திறந்த கோப்பு வடிவத்துக்கு மாற்ற முனைந்தபோது அதனை எதிர்த்தோருள் மாற்றுத்திறனாளிகளும் இருந்தனர். அவ்வடிவத்தைக் கையாண்ட அக்காலத்து மென்பொருள்கள் திரைவாசிப்பான்களோடு ஒத்துழைக்கவில்லை. முற்போக்கானதொரு கொள்கை, தன் பயனரில் ஒரு பகுதியினரைக் கணக்கிலெடாது முன்வைக்கப்பட்டமையால், ஏகபோக நிறுவனத்தின் பொருளுக்குச் சார்பாகப் பேசவேண்டிய நிர்ப்பந்தம் அவர்களுக்கு ஏற்பட்டது. நம் இயக்கங்களின் வரலாற்றிலும் இதற்கு நிகரானவற்றை நினைவுகூர்வது கடினமன்று. டெபியனுக்குள்ளும் இத்தகைய முரண்பாடு எழுந்தது. மூலநிரல் திறக்கப்படாத வன்பொருள் நிரற்துண்டுகளைத் தன் அதிகாரபூர்வ வட்டில் அது கொள்கைநிலையில் நெடுங்காலம் சேர்க்கவில்லை. ஆயின் புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் அந்நிரற்துண்டு இன்றேல் ஒலி அட்டை இயங்காது. ஒலி இயங்காவிடின் பேசும் நிறுவலும் இல்லை. 2022இல் டெபியன் உறுப்பினரிடையே வாக்கெடுப்பு நடத்தப்பட்டு அவற்றைச் சேர்ப்பதென முடிவாயிற்று. அவ்விவாதத்தில் எடுத்துரைக்கப்பட்ட காரணங்களுள் இதுவும் ஒன்று. 2023இல் வெளியான 12ஆம் பதிப்பு அவ்வாறே வந்தது. தூய்மையை வலியுறுத்தியோரின் வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. எனினும் அத்தூய்மைக்கான விலையைச் செலுத்துவோர் யாவர் என்ற கேள்வி அங்கு வெளிப்படையாகவே கேட்கப்பட்டமை வரவேற்கத்தக்கது.

இனித் தமிழுக்கு வருவோம். டெபியனின் நிறுவற் செய்திகள் தமிழாக்கம் பெற்றுள்ளன. எனினும், நிறுவலின் எழுத்துத்திரை வடிவத்தில் தமிழ் கிடையாது. படவடிவ நிறுவலில் மட்டுமே அதனைத் தெரிவுசெய்யலாம். ஹிந்தி, வங்காளம், மலையாளம் முதலிய மொழிகளுக்கும் இதுவே நிலை. காரணம் எளிது. உயிர்மெய்க் குறிகள் முன்னும் பின்னும் இணைந்து நிற்கும் நம் எழுத்தை வரைந்துகாட்ட, நிரல்நிரலாக ஒற்றை எழுத்தைப் பதிக்கும் எளிய எழுத்துத்திரைக்கு இயலாது. பேசும் நிறுவலோ அவ்வெழுத்துத்திரையைச் சார்ந்தே அமைந்தது. கண்ணுக்குத் தமிழை வரைவதில் உள்ள ஒரு சிக்கல், தமிழைக் கண்ணால் வாசிக்கவே போகாத ஒருவரின் குறுக்கே நிற்கிறது! எழுத்தை மொழியெனக் கொள்ளும் நமது பழைய மயக்கம் கணினியினுள்ளும் புகுந்துகொண்டதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. விண்டோஸில் 'வள்ளுவர்' எனப் பெயரிடப்பட்ட தமிழ்க் குரலொன்று உண்டு. ஆயின் விண்டோஸ் நிறுவி முடிந்த பின்னர் மொழிப்பொதியோடு அதனைத் தருவித்துக்கொள்ளவேண்டும். வள்ளுவரும் வாசலுக்கு வெளியிலேயே காத்துநிற்கிறார்.

ஆகவே ஆங்கிலம் அறிந்தவருக்கே இக்கதவு இன்று திறக்கிறது. இலங்கையில் விழிப்புலனற்றோர் கல்வி நீண்ட வரலாறுடையது. இரத்மலானைப் பாடசாலை 1912இல் தோன்றியது. வடக்கே கைதடியில் நஃபீல்ட் பாடசாலை 1950களிலிருந்து இயங்கிவருகிறது. 1951இல் இந்தியாவில் ஏற்கப்பட்ட பாரதி பிறெயில் ஒழுங்கு தமிழுக்கும் பொதுவானதொரு புள்ளியெழுத்தை அளித்தது. இக்கல்விவழி வந்தோருள் தமிழில் மட்டும் புலமைபெற்றோர் பலர். ஒரு வினாவுக்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என்று விடையளிக்க அவர்கள் வேற்றுமொழிக் குரலொன்றை, அதுவும் இயந்திரக் குரலை, விளங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பார்த்தலில் ஏதேனும் அளவில் சிரமமுடையோர் நம் நாட்டில் ஏறத்தாழ 10 இலட்சம். அவருட் பெரும்பாலோர் முற்றாகப் பார்வையிழந்தவரல்லர் என்பது உண்மையே. எனினும் குரலை நாட வேண்டியவர் தொகை சிறிதன்று.

பேச்சாக்கியின் தமிழ் பற்றியும் ஒரு சொல். ஈஸ்பீக்கில் தமிழ் உண்டு. தமிழின் எழுத்துக்கும் ஒலிக்குமுள்ள உறவு பெரிதும் விதிகளுக்கு உட்பட்டது. ககரம் சொன்முதலில் ஒருவிதமாகவும் மெல்லினத்தின் பின் வேறுவிதமாகவும் உயிர்களின் இடையில் இன்னொருவிதமாகவும் ஒலிக்கும் என்பதை ஒரு சில வரிகளில் எழுதிக் கணினிக்கு உணர்த்திவிடலாம். இடர்ப்பாடு தோன்றுவது பிறமொழிச் சொற்களில். தமிழகத்தார் 'டெலிபோன்' என்று எழுதுவதை நாம் 'ரெலிபோன்' என்று எழுதுகிறோம். 'டிக்கெட்' நமக்கு 'ரிக்கற்'. நாம் ரகரத்தையும் றகரத்தையும் இங்கு ஆங்கில 'ரி'யின் ஒலிக்கே எழுதுகிறோம். கண்ணால் வாசிக்கும் ஈழத்தவர் எவரும் அதில் தடுமாறுவதில்லை. தமிழக எழுத்துமுறையை மட்டும் அறிந்த பேச்சாக்கியோ அதனை எழுத்தின்படியே ஒலிக்கும். இக்கட்டுரையின் முதற்பந்தியை நண்பருக்கு அனுப்பியபோது, நான் எழுதிய 'மெகாவாற்' என்பதை அவர் கணினி ரகர ஒலியோடு வாசித்து அவரைச் சற்றுத் திகைக்கவைத்ததாம். இதனினும் பெரிய இடர், நம் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் பல்லாண்டுகளாக வழங்கிய பாமினி எழுத்துரு. ஒருங்குறியைச் சாராத அவ்வெழுத்துருவில் தட்டெழுதிய தமிழ், கண்ணுக்கு மட்டுமே தமிழ். கணினியின் உள்ளே அது ஆங்கில எழுத்துகளினதும் குறிகளினதும் சிதறல். திரைவாசிப்பான் அதனை வாசிக்கும்போது எழுவது வெறும் பிதற்றல். சுற்றறிக்கை ஒன்று இவ்வாறு பிதற்றும்போது அதனை எழுதியவரின் கவனயீனத்தை எவரும் குறைகூறுவதில்லை. விழிப்புலனற்ற ஆசிரியர் சுற்றறிக்கையை வாசிக்கவில்லை என்றே பதிவாகிறது.

சட்டம் இதுபற்றி மௌனமாக இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் வலதுகுறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென நிறைவேற்றப்பட்டது. 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையை இலங்கை 2016 பெப்ரவரியில் உறுதிப்படுத்தியது. அவ்வுடன்படிக்கையின் 9ஆம் உறுப்புரை, தகவல் தொழினுட்பங்களின் அணுகத்தக்க தன்மையை வடிவமைப்பின் தொடக்க நிலையிலேயே ஊக்குவிக்குமாறு அரசுகளைக் கோருகிறது. அவ்வாறாயின் செலவு மிகக் குறையும் என்பதே அது கூறும் காரணம். கட்டி முடித்த வீட்டில் சாய்தளம் அமைப்பதற்கும் அத்திவாரத்தோடு அமைப்பதற்குமுள்ள வேறுபாடு கொத்தனார் அனைவரும் அறிந்தது. பாடசாலைகளுக்குக் கணினி கொள்வனவு செய்யும்போது, நிறுவற் கட்டத்திலிருந்தே பேசக்கூடிய முறைமை என்பதைக் கேள்விமனுவின் நிபந்தனைகளுள் ஒன்றாகச் சேர்த்தல் பெரும் பொருட்செலவைக் கோருவதன்று. வரவுசெலவுத் திட்டத்தில் நிதி இல்லை என்ற வழமையான பதில் இங்கு பொருந்தாது.

மாம்புரிக்கு மீள்வோம். ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. டெபியன் 12ஐக் கொண்ட ஒரு பென் டிறைவோடு நான் சென்றிருந்தேன். விசைப்பலகையை நான் தொடுவதில்லை என்பது எமக்கிடையிலான உடன்பாடு. கணினியை இயக்கியவுடனேயே அவ்வுடன்பாடு முறிந்தது. பென் டிறைவிலிருந்து தொடங்குமாறு கணினிக்குப் பணிக்கும் பட்டியல், பணிசெயல் முறைமைக்கும் முந்திய நிலையில், தாய்ப்பலகையோடு வரும் நிரலினது. அதற்குக் குரல் இல்லை. கைத்தொலைபேசியின் கமராவைத் திரைக்கு நேரே பிடித்து அதிலுள்ள எழுத்தை வாசிக்கச்செய்ய முனைந்தார். நீலத்திரையில் வெள்ளை எழுத்துகள் பாதி வந்தன, பாதி வரவில்லை. இறுதியில் நானே வாசித்துச் சொன்னேன்: எந்த விசை, கீழ்நோக்கி எத்தனை தடவை. அதன்பின் சிற்றொலி கேட்டது. 'எஸ்' விசையை அழுத்தினார். எதுவும் நிகழவில்லை. முதற்குரல், எதுவும் இணைக்கப்படாத காட்சித்திரை ஒலிவழியில் வெளியேறிக்கொண்டிருந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தோம். சில விநாடிகளில் அது தானே மற்றைய ஒலிவழிக்கு மாறிப் பேசியது. அவர் உடனே விசையை அழுத்தினார்.

வன்தட்டுப் பிரிப்புக்கு வந்தபோது பட்டியலை மூன்று தடவை திரும்பத்திரும்பக் கேட்டார். நான் வாய்திறக்கவில்லை. வன்தட்டு புதியதாகையால் இழப்பதற்கு அதில் எதுவும் இருக்கவில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆயினும் அவர் கேட்டார். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து கணினி மீளப் பேசியது, ஆங்கிலத்தில். தமிழ்க் குரலைத் தெரிவுசெய்ய மேலும் ஒரு கால்மணி நேரம் பிடித்தது.

அன்று மாலை அவர் படிகள் அனைத்தையும் பிறெயில் தாளில் குத்தி வைத்துக்கொண்டார். தாய்ப்பலகைப் பட்டியலுக்குரிய விசையும் அம்புக்குறி அழுத்தங்களின் எண்ணிக்கையும் முதல் வரியில் உள்ளன. அவை அக்கணினிக்கு மட்டுமே செல்லுபடியானவை. பாடசாலையிலுள்ள வேறு வகைக் கணினிக்கு அவ்வரியை வேறொருவர் பார்த்துச் சொல்லவேண்டும். ஈஸ்பீக்கின் தமிழ் விதிக்கோப்பையும் அவர் திறந்து கேட்டிருக்கிறார். அது சாதாரண எழுத்துக்கோப்பு. 'ரெலி', 'ரிக்கற்' முதலிய இலங்கை வழக்குச் சொற்களை அதன் விதிவிலக்குப் பட்டியலில் எவ்வாறு சேர்ப்பது என்று அடுத்த வாரம் என்னிடம் கேட்டார். இதுவரை 140 சொற்கள் சேர்ந்துள்ளன. மொழியியல் கற்கும் மாணவர் எவரேனும் அப்பட்டியலை விரிவாக்க முன்வருவாராயின், அது மூலத்திட்டத்துக்கு அனுப்பத்தக்க நிலையை விரைவில் எட்டும்.